வாங்குபவர் யார்? வேளாண் நில விற்பனை விதிகளில் சென்னை, பம்பாய், மைசூர் மரபுகள்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் வேளாண் நிலத்தை யார் வாங்கலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் எத்தொழில் செய்பவரும் வாங்கலாம். மகாராட்டிரம், குஜராத், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உழவர் அல்லாதார் அரசின் அனுமதியின்றி வாங்க இயலாது. கர்நாடகத்தில் 2020 வரை அதற்கொத்த தடை இருந்தது. மாநில அரசுகளின் அண்மைக்கால விருப்புவெறுப்புகளே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று கருதுவது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடன் நெருக்கடிகளை ஒவ்வொரு மாகாணமும் எதிர்கொண்ட முறையில் அதன் வேர் உள்ளது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஓசூர் – ஆனேக்கல் எல்லைப்பகுதி இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிலக் கைமாற்றம், இரயத்துவாரி, உழவர் என்னும் வரையறை, நில உச்சவரம்பு, பஞ்சமி நிலம், ஓசூர்.

முன்னுரை

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்ததும் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி தொடங்குகிறது. இரு பக்கமும் மண் ஒன்றே, மழையும் ஒன்றே, கன்னடமும் தெலுங்கும் தமிழும் இரு பக்கத்து வீடுகளிலும் பேசப்படுகின்றன. ஆயினும் 1974 மார்ச்சு முதல் 2020 வரை, நிலம் வாங்க நினைப்பவரைப் பொறுத்தவரை இவை இருவேறு உலகங்களாக இருந்தன. பெங்களூரில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் ஆனேக்கல் வட்டத்தில் ஓர் ஏக்கர் புன்செய் வாங்க விரும்பினால், முதலில் அவர் உழவரா என்று சட்டம் கேட்டது. அடுத்து, வேளாண்மை அல்லாத வருவாய் எவ்வளவு என்று கேட்டது. அவரே சில கிலோமீட்டர் தொலைவு தெற்கே வந்து ஓசூர் வட்டத்தில் வாங்கினால் இவ்விரு கேள்விகளும் எழவில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்தினால் கிரையப் பத்திரம் பதிவாகிவிடும்.

நில முதலீடு குறித்த பேச்சுகளில் இவ்வேறுபாடு ‘அங்கே கட்டுப்பாடு, இங்கே சுதந்திரம்’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அக்கட்டுப்பாடு அங்கே ஏன் தோன்றியது, இங்கே ஏன் தோன்றவில்லை, தோன்றாததால் உழவருக்கு நேர்ந்தது என்ன என்ற வினாக்கள் வரலாற்றுக்கு உரியவை.

அரசமைப்பில் நிலம்

சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882-ஆம் ஆண்டுக்கு உரியது; பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டுக்கு உரியது. இவை இரண்டும் பெரும்பாலும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. எனவே நிலச்சட்டமும் பொதுவானது என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே ஒரு பிரிவினை செய்யப்பட்டது. 1950-இன் அரசமைப்பும் அதனை ஏற்றது. ஏழாம் அட்டவணையின் பொதுப்பட்டியலில் ஆறாம் பதிவு, ‘வேளாண் நிலம் நீங்கலான’ சொத்துகளின் கைமாற்றத்தை ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் பொதுவாக்குகிறது. வேளாண் நிலத்தின் கைமாற்றமோ மாநிலப்பட்டியலின் பதினெட்டாம் பதிவில் தனியே வைக்கப்பட்டுள்ளது. நிலவரியும் நில ஆவணங்களும் நாற்பத்தைந்தாம் பதிவின்படி மாநிலத்திற்கு உரியன.

இப்பிரிவினையின் விளைவை மனை வணிகத்தில் தெளிவாகக் காணலாம். 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப்பட்டியலின் வழியே வந்தது. மேற்கு வங்கம் 2017-இல் தனக்கென இயற்றிய அத்தகைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 மே மாதத்தில் செல்லாததாக்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பை விற்கும் முறையில் மாநிலங்கள் தம் விருப்பப்படி நடக்க இயலாது என்பது இதனால் உறுதியாயிற்று. அதே குடியிருப்பு எழும்பிய மண், வயலாக இருந்தபோது யாருக்கு விற்கப்படலாம் என்பதில் மாநிலங்களின் அதிகாரம் குறையவில்லை. இந்திய நில முதலீட்டின் சிக்கல்களில் பெரும்பகுதி, வயல் மனையாகும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கலவரமும் சட்டமும்: பம்பாயும் பஞ்சாபும்

வாங்குபவர் யார் என்ற கேள்வி முதலில் அச்சத்திலிருந்து எழுந்தது. 1875 மே 12 அன்று பூனா மாவட்டத்தின் சுபா என்னும் ஊரில் உழவர்கள் மார்வாடி, குஜராத்தி வட்டிக்கடைக்காரர்களைத் தாக்கிக் கடன் பத்திரங்களைத் தீயிட்டனர். பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் இது பரவியது. கலவரக்காரர்களின் இலக்கு பெரும்பாலும் ஆவணங்களாகவே இருந்தது என்பது கருதத்தக்கது. நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி நிலம் கைமாறுவதையே அவர்கள் எதிர்த்தனர். விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின் 1879-இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. இச்சட்டம் நில விற்பனையைத் தடை செய்யவில்லை. கடனின் முன்வரலாற்றை ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு வழங்கியது. 1901-இல் நிலவருவாய்ச் சட்டத் திருத்தம் ஒருபடி மேலே சென்றது. வரி நிலுவைக்காகப் பறிமுதலான நிலத்தை, விற்கும் உரிமையின்றி உழவருக்கே திரும்ப அளிக்க அது வழிவகுத்தது. இம்மசோதாவை எதிர்த்துப் பெரோசுஷா மேத்தா சட்டமன்றத்தினின்று வெளியேறினார். கோகலேயும் உடன் சென்றார். விற்கும் உரிமையைப் பறிப்பது உழவரைக் காப்பதா, அரசின் குடியாளாக்குவதா என்ற விவாதம் அன்றே எழுந்துவிட்டது.

பஞ்சாபில் அரசு இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1886-இல் வெளிவந்த தார்பர்னின் நூல், முசுலிம் உழவரின் நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்குச் செல்வதால் அரசுக்கே ஆபத்து என்று எச்சரித்தது. 1900-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பஞ்சாப் நிலக் கைமாற்றச் சட்டம், ‘வேளாண் குலங்கள்’ என ஒரு பட்டியலை வகுத்து, அப்பட்டியலில் உள்ளோரின் நிலம் வெளியார்க்கு நிலையாகக் கைமாறுவதைத் தடுத்தது. உழவர் என்பது இங்குத் தொழிலன்று, பிறப்பு. மண்ணில் உழைத்தும் பட்டியலில் இடம்பெறாத தாழ்த்தப்பட்ட சாதியார் இச்சட்டத்தினால் நிலம் வாங்கும் வாய்ப்பை இழந்தனர் என்பதைச் சட்டத்தின் புகழுரைகள் பேசுவதில்லை. வட்டிக்கடைக்காரர் உழவர் ஒருவரின் பெயரில் பினாமியாக வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. அதனை ஒடுக்க 1938-இல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வாங்குபவரைத் தடுக்கும் சட்டம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பினாமியும் உடன்பிறக்கிறது என்பதற்கு இது முதற்சான்று.

அரசமைப்பு வந்தபின் பஞ்சாப் சட்டம் நிலைக்கவில்லை. ஆனால் அதன் எண்ணம், சாதிப்பட்டியலைக் களைந்து, இருவேறு வழிகளில் தொடர்ந்தது. 1972-ஆம் ஆண்டு இமாச்சலப் பிரதேசக் குத்தகை, நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, அம்மாநிலத்தில் நிலம் வைத்துத் தாமே உழுபவரல்லாதார்க்கு நிலம் கைமாறுவதைத் தடுத்து, அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. பம்பாயில் 1948-ஆம் ஆண்டுக் குத்தகை, வேளாண் நிலச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, ஆட்சியரின் அனுமதியின்றி உழவர் அல்லாதார் வாங்குவதைத் தடுத்தது. 1960-இல் பம்பாய் மாநிலம் பிரிந்தபோது மகாராட்டிரமும் குஜராத்தும் இப்பிரிவைச் சேர்ந்தே பெற்றன.

சென்னையில் கேட்கப்படாத கேள்வி

சென்னை மாகாணத்தின் சமவெளியில் இத்தகைய தடை ஒருபோதும் ஏற்படவில்லை. இதற்கான காரணத்தைத் தேடும்போது ஓசூருக்கு அருகிலேயே தொடங்கலாம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகாலில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமசு மன்றோவும் இரயத்துவாரி முறையின் முதற்பாடங்களைக் கற்றனர். ஓசூர்ப் பகுதி 1799-இல் கும்பினியிடம் வந்தது. ஆனேக்கல் மைசூர் உடையார்களின் ஆட்சியிலேயே நின்றது. இரயத்துவாரியில் பட்டாதாரர் அரசுக்கு நேரே வரி செலுத்துபவர். வரி செலுத்தும்வரை நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் கொடையளிக்கவும் அவருக்குத் தடையில்லை. நிலத்திற்கு விற்பனை மதிப்பு உண்டாவதே வரிமுறையின் வெற்றி என்று அதிகாரிகள் கருதினர். அவ்வாறிருக்க, விற்பனையைத் தடுப்பது தம் அடித்தளத்தைத் தாமே தோண்டுவதாக அவர்களுக்குப் பட்டிருக்கும்.

வேறொரு காரணம் இதனினும் வலுவானது. தக்காணத்திலும் பஞ்சாபிலும் கடன் கொடுத்தவர் வெளியாராகத் தோற்றமளித்தார். மொழியால், சமயத்தால், சாதியால் வேறுபட்டார். சென்னையில் நிலைமை அதுவன்று. 1895, 1897-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த பிரெடரிக் நிக்கல்சனின் வேளாண் வங்கி அறிக்கை, இம்மாகாணத்தில் கடன் கொடுப்போரில் பெரும்பாலோர் வசதி படைத்த உழவர்களே என்று பதிவு செய்தது. அடுத்த தெருவின் பெருநிலக்காரரே கடன் கொடுத்தார். கடன் முற்றியபோது அவரே நிலத்தை எடுத்துக்கொண்டார். உழவர் அல்லாதார் வாங்கக்கூடாது என்ற விதி அங்கு யாரையும் தடுத்திராது. எனவே கேள்வி எழவில்லை. இதனைச் சென்னையின் தாராளம் என்று பாராட்டுவதிலும், நிலம் இழந்தவரின் குரல் கலவரமாகக் கேட்கவில்லை என்று கொள்வதே உண்மைக்கு அருகில் உள்ளது.

தர்ம குமார் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, பட்டாப் புள்ளிவிவரங்களை 1853–54 முதல் 1946–47 வரை ஒப்பிட்டு, இம்மாகாணத்தில் நிலவுடைமைச் சமமின்மை பெரிதும் மிகவில்லை என்று காட்டியது. தடையற்ற விற்பனை பேரழிவை விளைவிக்கவில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பட்டாக்களின் எண்ணிக்கை மனிதர்களின் எண்ணிக்கையன்று என்பதை நினைவில் கொண்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. ஒருவர் பல பட்டாக்கள் வைத்திருக்கலாம். பட்டாவே இல்லாத வாரதாரரும் பண்ணையாட்களும் அக்கணக்கில் வருவதேயில்லை.

‘உழவர்’ என்பவரைச் சென்னையும் ஒருமுறை சட்டத்தில் வரையறுத்தது. இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சென்னை உழவர் நிவாரணச் சட்டத்தில் அவ்வரையறை உள்ளது. வருமான வரி செலுத்துவோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடன்களில் நிலுவை வட்டி நீங்கியது. முதலைப்போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. பம்பாய் தன் வரையறையை நிலம் வாங்கும் வாயிலில் காவலாக நிறுத்தியது. சென்னையோ கடன் பத்திரத்தைத் தள்ளுபடி செய்யும் மேசையில் அதனை வைத்தது. ஒரே சொல் இரு மாகாணங்களில் இருவேறு பணிகளைச் செய்தது.

பர்மாவில் எழுந்த தடை

உள்ளூரில் இத்தடையைச் சந்திக்காத தமிழ் முதலீடு, கடல் கடந்து அதனைச் சந்தித்தது. 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தனர். நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது அடகு நிலங்கள் அவர்கள்மேல் விழுந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலப்பங்கு 1937-இல் 25 விழுக்காடாயிற்று. விளைவு, 1941-இன் நிலக் கைமாற்றச் சட்டம். விடுதலைக்குப்பின் 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டம். தக்காணத்து உழவருக்கு மார்வாடி எவ்வாறு வெளியாரோ அவ்வாறே பர்மிய உழவருக்கு நகரத்தார் வெளியார். வாங்குபவர் வேற்றாராகக் கண்ணுக்குத் தெரியும்போதே இத்தகைய சட்டம் பிறக்கிறது என்ற கருத்தை இந்நிகழ்ச்சி வலுப்படுத்துகிறது.

கொள்ளேகாலும் ஓசூரும்

பம்பாயின் விதி ஓசூரின் எல்லைக்கு எவ்வாறு வந்தது? மொழிவழி மாநிலச் சீரமைப்பின் வழியே வந்தது. 1956 நவம்பர் 1 அன்று பெல்காம், பீசப்பூர், தார்வார், வட கன்னடம் ஆகிய பம்பாய் மாவட்டங்கள் மைசூரில் இணைந்தன. ஐதராபாத்திலிருந்தும் குடகிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பகுதிகள் தத்தம் நிலச்சட்டங்களுடன் வந்தன. ஒரே மாநிலத்தில் பல குத்தகைச் சட்டங்கள் வழங்கின. இவற்றை ஒருங்கிணைக்கப் பி. டி. ஜத்தி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் 1961-ஆம் ஆண்டு மைசூர் நிலச்சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு 1965 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. பம்பாய்ச் சட்டத்தின் உழவர் என்னும் வரையறை இவ்வொருங்கிணைப்பின் வழியே தெற்கே இறங்கியது.

இதில் கொள்ளேகால் வட்டத்தின் நிலை தனித்துக் காணத்தக்கது. 1956 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி; சென்னையின் இரயத்துவாரிப் பட்டா வழங்கிய நிலம். மைசூருக்குச் சென்றதும் அதே வயல் வேறொரு மரபின் கீழ் வந்தது. கன்னடமும் தெலுங்கும் மிகுதியாக வழங்கிய ஓசூரோ சேலம் மாவட்டத்திலேயே நின்று, 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும் 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. வாங்குபவர் யார் என்ற கேள்வி ஒரு வயலுக்கு உண்டா இல்லையா என்பதை மண்ணின் தன்மை முடிவு செய்யவில்லை. எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் முடிவு செய்தனர். அவர்கள் மொழியை எண்ணிக் கோடு வரைந்தனர். நிலச்சட்டம் பின்தொடர்ந்து வந்தது.

தேவராசு அரசு முதலமைச்சராக இருந்தபோது கொணரப்பட்டு 1974 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்கியது. குத்தகையை ஒழித்துக் குத்தகைதாரரை உடைமையாளராக்கும் நிலத் தீர்ப்பாயங்கள் வட்டந்தோறும் அமைந்தன. உடன் வந்த 79-ஏ பிரிவு, வேளாண்மை அல்லாத வழியில் ஆண்டுக்கு 12,000 ரூபாயோ அதற்கு மேலோ வருவாய் உள்ளோர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 79-பி பிரிவு நிறுவனங்களையும் அறக்கட்டளைகளையும் தடுத்தது. இவ்விரண்டும் குத்தகை ஒழிப்பின் துணைச்சுவர்களாக எழுப்பப்பட்டவை. முன்வாயிலில் குத்தகைதாரர் உடைமையாளராக நுழையும்போது பின்வாயிலில் நகரத்துப் பணம் நிலத்தை வாங்கிச் செல்லக்கூடாது என்பதே அவற்றின் கருத்து.

துணைச்சுவர் நாளடைவில் தனிச்சுவராயிற்று. தீர்ப்பாயங்களின் பணி முடிந்தது, பெங்களூர் வளர்ந்தது, பணவீக்கத்தில் 12,000 ரூபாய் பொருளற்றதாயிற்று. வருவாய் வரம்பு படிப்படியாக உயர்ந்து 2 இலட்சமாகி, 2015-இல் 25 இலட்சமாயிற்று. இவ்வளவு வருவாய் உள்ளவர் வாங்கலாம் என்றபின் அச்சட்டம் யாரைத் தடுத்தது என்று கேட்பதில் தவறில்லை. விற்பனை ஒப்பந்தத்துடன் நிறுத்திக்கொள்வது, பொது அதிகார ஆவணம் பெறுவது, உழவர் ஒருவரின் பெயரில் வாங்கி நிலப்பயன்பாட்டு மாற்றம் பெற்றபின் எழுதிக்கொள்வது போன்ற வழிகள் இத்தகைய சட்டங்களைத் தொடர்ந்தே வருகின்றன. இவ்வழிகளில் செல்வோர்க்கு நடத்திச் செல்லும் தரகர் வேண்டும். நிலத்தின் இறுதி விலையில் தரகரின் பங்கு மிகும்போது உழவரின் பங்கு குறைகிறது. உழவரைக் காக்க எழுந்த தடை, அவர் நேரடியாகச் சந்திக்கக்கூடிய வாங்குவோரின் எண்ணிக்கையைக் குறைத்து, பேரம் பேசும் வலிமையையும் குறைத்தது.

எல்லையின் தென்புறம்

அவ்வாறாயின் தமிழ்நாட்டு உழவர் நன்மை பெற்றாரா? விலையில் பெற்றிருக்கலாம். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் நில வாங்குவோர்க்குக் குறைவில்லை. ஆனால் பெற்றவர் பட்டாதாரர் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டின் நிலச்சீர்திருத்தம் வாங்குபவரின் தொழிலைக் கேளாமல், வைத்திருப்பவரின் அளவைக் கேட்டது. 1961-ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்று வகுத்தது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்க, பதினேழாம் அரசமைப்புத் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து உயிர்ப்பித்தது. 1970-இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தது. குத்தகையை இங்கு ஒழிக்கவில்லை. 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956-இன் நியாயக் குத்தகைச் சட்டமும் அதனை ஒழுங்குபடுத்த முயன்றன. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-இல் தனிச்சட்டமும் வந்தது.

இங்குதான் இழப்பு நேர்ந்தது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் பதிவேட்டில் இல்லை. நிலம் நகரத்து முதலீட்டாளருக்கு விற்கப்படும்போது கிரையப் பத்திரத்தில் அவர் இல்லை. வில்லங்கச் சான்றில் அவர் இல்லை. ‘நிலம் காலியாக உள்ளது’ என்ற ஒரு வரியில் அவர் மறைந்துவிடுகிறார். எல்லையின் வடபுறத்தில், 1974-க்குப்பின் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்த குத்தகைதாரர் உடைமையாளராகி, பின்னாளில் அதே நிலத்தை விற்கும் நிலைக்காவது உயர்ந்தார். தென்புறத்தில் அவருக்கு ஒப்பானவருக்கு விற்க எதுவுமில்லை. இரு மாநிலங்களையும் ஒப்பிடுவோர் வாங்குபவரின் சுதந்திரத்தையே அளவுகோலாகக் கொள்வதால் இவ்வேறுபாடு அவர்கள் பார்வையில் விழுவதில்லை.

வாங்குபவரைக் கேளாத மாநிலம், இறுதியில் மனையைக் கேட்க வேண்டியதாயிற்று. வயல்கள் கல் நட்டு மனைப்பிரிவுகளாகின. சாலையும் வடிகாலும் இன்றிப் பத்திரங்கள் பதிவாயின. 1920-இன் நகரமைப்புச் சட்டமும் 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டமும் திட்டப்பகுதிகளுக்கு வெளியே வலுவிழந்திருந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அவ்வாண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்னரே விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. சிறுசேமிப்பை இட்டு அரை கிரவுண்டு வாங்கியவர்கள், தாங்கள் வாங்கியது மனையா வயலா என்று அறியாமல் அலுவலகங்களில் நின்ற காலம் அது. பம்பாய் மரபில் நிலத்தின் முதற்கைமாற்றத்திலேயே எழும் கேள்வி, சென்னை மரபில் கடைசிக் கைமாற்றத்தில், அதுவும் மிகச் சிறிய வாங்குபவரிடம் கேட்கப்பட்டது.

2020-க்குப் பின்

2020 சூலையில் கர்நாடக அரசு அவசரச் சட்டத்தின் மூலம் 79-ஏ, 79-பி பிரிவுகளை நீக்கியது. திசம்பரில் சட்டமன்றம் அதற்கு இசைவளித்தது. இப்பிரிவுகள் ஊழலுக்கும் அலைக்கழிப்புக்குமே இடமளித்தன என்பது அரசு கூறிய காரணம். உழவர் அமைப்புகள் பெங்களூரில் போராடின. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நாற்பத்தாறு ஆண்டுகள் நின்ற வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது.

மறையாத வேறுபாடு ஒன்று உண்டு. சென்னை மாகாணம் நிலக் கைமாற்றத்தை அடியோடு கட்டுப்படுத்தாமல் இருக்கவில்லை. 1917-இன் ஏஜென்சிப் பகுதிச் சட்டம் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மலைகளில் பழங்குடியினர் நிலம் பிறருக்குச் செல்வதைத் தடுத்தது. அம்மரபு ஆந்திரத்திற்குச் சென்றது. சமவெளியில் செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட ஆணையின் வழியே தாழ்த்தப்பட்டோர்க்குப் பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்கலாம் என்பது ஒப்படை நிபந்தனை. சென்னைச் சமவெளியில் வாங்குபவர் யார் என்று கேட்ட விதி இது. அதனை மீறியே அந்நிலங்கள் பெருமளவில் கைமாறின. 1994-இல் காரணை நிலமீட்புப் போராட்டம் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிரிழந்தனர்.

கர்நாடகம் இதற்கொத்த ஒப்படை நிலங்களுக்கு 1978-இல் தனிச்சட்டம் இயற்றியது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது, நிலத்தை மீட்டு உரியவருக்கு அளிக்கலாம் என்ற அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1984-இல் உறுதி செய்தது. பொதுவான தடைகளை நீக்கிய 2020-இன் திருத்தம் இச்சட்டத்தைத் தொடவில்லை. ஆந்திரம் 1977-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியுள்ளது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்திற்கென அத்தகைய தனிச்சட்டம் இல்லை. காப்பு இன்றளவும் ஒப்படை நிபந்தனையிலும் வருவாய் வாரிய நிலையாணைகளிலும் தங்கியுள்ளது. நிலம் வாங்குவோர் முதலில் பார்க்கும் வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். 1892-இன் நிபந்தனையை அறிய வேண்டுமாயின் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.